சின்னத் தீவில் குடித்தனம்: வாசகர் கேள்வி பதில்

மாற்றலாகியோ வாழ்க்கைப்பட்டோ சிறு தீவுகளுக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: தீவுப் பள்ளி ஒன்றுக்கு எனக்கு மாற்றல் வந்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு படகுதான். கணவர், இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார் ஆகியோரும் உடன் வருகிறார்கள். எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

படகுக்காரர்களிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "கடந்த சில வருஷங்களில் படகு சேர்ந்தாற்போல அதிகபட்சம் எத்தனை நாள் நின்றிருக்கிறது?" கால அட்டவணை என்ன சொன்னாலும், உங்கள் வீட்டு இருப்பை முடிவு செய்வது இந்தப் பதில்தான். அந்த நாட்களோடு இரண்டு படகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கூடுதலாக ஒரு வாரத்தையும் கூட்டுங்கள். பத்து நாள் நின்றிருக்கிறது, இடைவெளி நான்கு நாள் என்றால், 21 நாளுக்கான மளிகையும் எரிவாயுவும் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். தானியங்களை மூட்டையில் வைக்காதீர்கள். ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். ரப்பர் வளையம் உள்ள மூடிபோட்ட டிரம்கள் நல்லது.

மாமியாரின் மருந்துக்கு இந்தக் கணக்கு போதாது. சாதாரண மாதங்களில் 30 நாள் இருப்பும், கடல் கொந்தளிக்கும் பருவத்துக்கு முன்பாக 60 முதல் 90 நாள் இருப்பும் வையுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். மின்சாரம் போனால் ஈர மணலில் வைத்த மண்பானை போதும் என்று பலர் சொல்வார்கள். அது வறண்ட காற்றில்தான் நன்றாகக் குளிரும். கடற்காற்றின் ஈரத்தில் தண்ணீர் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. வாயகன்ற தெர்மாஸ் குடுவையில், துணி சுற்றிய பனிக்கட்டிப் பையோடு வைப்பதே மேல். பனிக்கட்டி மருந்தில் நேரடியாகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலைக்காகாது.

கேள்வி: குடிவந்தபோது கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. மோட்டார் போட்டு மூன்று மாதத்தில் உப்புக் கரிக்கிறது. இன்னும் பத்தடி ஆழப்படுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். தீவுக் கிணறுகள் கெட்டுப்போவதற்கு இந்த ஆழப்படுத்தும் யோசனை ஒரு பெரிய காரணம்.

மணலும் பவளக்கல்லுமான சின்னத் தீவில் நிலத்தடி நன்னீர் கீழே ஊறி வருவதில்லை. மழைநீர் மண்ணில் இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனமானது என்பதால் இந்த ஏற்பாடு நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ, அதைப்போல் சுமார் 40 மடங்கு ஆழத்துக்கு நன்னீர் கீழே இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 25 சென்டிமீட்டர் இருந்தால் கீழே 10 மீட்டர். இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் இழுத்து மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றால், அடியிலிருக்கும் உப்புநீர் 4 மீட்டர் வரை மேலே ஏறப் பார்க்கும். கிணற்றை ஆழப்படுத்தினால் அந்த உப்பை நீங்களே கிட்டே போய்த் தொடுகிறீர்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆயிரம் லிட்டர் கலவையில் 30 லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். அதற்கு மேல் வாய்க்கு ஒவ்வாது.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரை இரண்டு வாரமாவது நிறுத்தி, வாளியால் மட்டும் இறையுங்கள். பிறகு சிறிய மோட்டாரை, ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாமல், நாளில் மூன்று நான்கு முறையாகப் பிரித்துப் போடுங்கள். உறிஞ்சு குழாயின் முனையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் விடுங்கள், அடிக்கு இறக்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, காலையில் இறைப்பதற்கு முன்பும் பின்பும் அளந்து நோட்டில் எழுதுங்கள். கடல் ஓதம் (அலைமட்டம்) ஏறி இறங்கும்போது அளவும் மாறும் என்பதால் நேரத்தையும் எழுதுங்கள். பின்பு எடுத்த அளவு முன்பு எடுத்ததைவிட நன்றாகக் கூடியிருந்தால், அளவுக்கு மீறி இறைக்கிறீர்கள்.

காய்ச்சினால் உப்பு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். சாதாரண வடிகட்டியும் உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எடுக்கும். ஆனால் வீட்டு இயந்திரங்கள் பல, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகின்றன. அந்தக் கழிவைக் கிணற்றங்கரையில் விட்டால் உப்பு திரும்பவும் கிணற்றுக்கே போகும்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீரை நம்புங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழை 600 லிட்டர், சேதாரம் போகக் கையில் கிடைப்பது 480 போல. ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டர் என்றால் நால்வருக்கு 60 நாள் கோடைக்கு 1,680 லிட்டர். ஆக, 2,000 லிட்டர் தொட்டி. ஒவ்வொரு மழையிலும் முதல் 30 முதல் 60 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். பறவை எச்சமும் உப்புத்தூளும் அதில்தான் வரும். தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் விட வேண்டும். பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: எல்லாம் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

ஈரத்துணியால் வாரம் ஒருமுறை உப்பைத் துடைத்துவிட்டு உலரவிடுங்கள். உப்புப் படிவின் மேலேயே எண்ணெய் பூசினால் துரு அடியில் வளரும். கீல், தாழ்ப்பாள், திருகாணி வாங்கும்போது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் கேளுங்கள். வழக்கமான 304 கடற்கரையில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். எரிவாயு ரெகுலேட்டரையும் குழாயையும் கண்ணால் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

கேள்வி: ஊரில் முந்நூறு பேர் கூடும் ஆலயத்துக்குப் போய்ப் பழகியவள் நான். இங்கே இருபத்தைந்து பேர்தான். குருவானவர் மாதம் ஒருமுறை படகில் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் பொதுநிலையினர் (குருவல்லாத சபையார்) ஒருவர் வழிநடத்துகிறார். பாட்டுகூட வேறு ராகம். வீட்டிலேயே கைப்பேசியில் பழைய ஆலயத்தின் திருப்பலியைப் பார்த்துக்கொள்ளலாமா?

பாருங்கள், ஆனால் இங்கே கூடும் நேரத்தில் வேண்டாம். முந்நூறு பேரில் ஒருவர் வராவிட்டால் தெரியாது. இருபத்தைந்தில் ஒருவர் வராவிட்டால் பாட்டே மெலிந்துபோகும். உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று மாலைக்குள் வாசலில் ஆள் வந்துவிடும். அந்த அக்கறையை வேவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டில் இறைவார்த்தை உண்டு. அனுமதி பெற்றவர் இருந்தால், முன்பே அர்ச்சிக்கப்பட்ட நற்கருணையும் உண்டு. திருப்பலியும் ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனமும்) குருவானவரால் மட்டுமே ஆகும். எனவே அவர் வரும் நாளை வீணாக்காதீர்கள். அவர் நேரம் படகின் கையில் இருக்கிறது, பல சமயம் நான்கைந்து மணி நேரம்தான். நோயாளிகள் யார், ஞானஸ்நானம் யாருக்கு, யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் இரண்டு நாள் முன்பே அவர் கைக்குப் போய்விட்டால், காத்திருந்து பார்க்க முடியாமல் போகும் முதியவர்கள் குறைவார்கள். இதைத் தொகுக்கும் வேலை புதிதாக வந்தவர் எடுத்துக்கொள்ளத் தகுந்தது.

முதல் மூன்று மாதம் எந்த மாற்றமும் சொல்லாதீர்கள். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்ற பேச்சு அங்கே பலமுறை கேட்கப்பட்டது. சொன்னவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். மணி அடிப்பது யார், சாவி யாரிடம், எந்தப் பாட்டை யார் தொடங்குவார் என்று பாருங்கள். ராகம் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

ஒன்றில் மட்டும் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருங்கள். ஒருவருடைய நோயையோ குடும்பக் கஷ்டத்தையோ அவரைக் கேட்காமல் பொது ஜெபத்தில் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் அத்தனை சின்ன ஊரில் ஆள் தெரிந்துவிடும்.

சாவு விழுந்தால், எந்த மதத்தவர் வீடானாலும் போங்கள். சின்னத் தீவுகளில் பிணவறை பெரும்பாலும் இருக்காது, அடக்கம் தள்ளிப்போக முடியாது. குழி தோண்ட, தூக்க, உறவினர் வரும் படகுக்குக் காத்திருக்க என்று எல்லாக் கையும் வேண்டும்.

கேள்வி: எங்கள் தீவில் வெள்ளிக்கிழமை முப்பது ஆண்கள் வரை சேருவோம். ஜும்ஆ (வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகை) தொழலாமா? தொழுகை நேரத்துக்குப் பெருநகர அட்டவணை போதுமா?

மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு. ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, அவ்வூரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் 40 ஆண்கள் வேண்டும். இல்லையென்றால் லுஹர் (வழக்கமான நண்பகல் தொழுகை) தொழ வேண்டும். தற்காலிக வேலைக்கு வந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். ஹனஃபியில் இமாமைத் தவிர மூவர் போதும். ஆனால் ஊர் பெரியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உண்டு. இரண்டு மத்ஹபினரும் கலந்து வாழும் இடத்தில் இது சண்டையாகிவிடும் முன்பு, எண்ணிக்கையையும் குடியிருப்பு விவரத்தையும் எழுதி ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கொடுத்து முடிவு வாங்குங்கள்.

நேரம் தீர்க்கரேகையைப் பொறுத்தது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நிலநடுக்கோட்டருகே, அட்டவணை போட்ட நகரத்துக்கு 100 கிலோமீட்டர் மேற்கே இருந்தால் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) மூன்றரை நிமிடம் போலப் பிந்தும். நோன்பு திறப்பதில் இது முக்கியம்.

தீவு வழிபாட்டில் நாள்கணக்கே சிக்கலான இடமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி சமோவாவில் வரவே இல்லை. சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு மறுபக்கம் மாறியதால் 29-க்குப் பின் 31. ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று அங்குள்ள, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரிடையே பிளவு வந்தது.

கேள்வி: நாங்கள் நான்கைந்து இந்துக் குடும்பங்கள். சிறு கோயில் கட்டிச் சிலை வைக்க ஆசை.

பிரதிஷ்டை செய்தால் நித்திய பூசை நிற்கக் கூடாது. ஐந்து குடும்பமும் மாற்றலில் வந்தவை என்றால், அடுத்த வருஷம் விளக்கேற்றுவது யார்? படம், விளக்கு, வாரம் ஒரு கூட்டு வழிபாடு என்று தொடங்குங்கள். நிலையாகத் தங்கும் குடும்பங்கள் பொறுப்பேற்றால் சிலையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வந்து மூன்றாவது வாரத்திலேயே வழிபாட்டுக் குழுவின் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

புதியவருக்கு எந்தத் தரப்பும் கிடையாது என்பதால்தான் கேட்கிறார்கள். அதுவே ஆபத்தும். பழைய கணக்கில் ஓட்டை இருந்தால் அது உங்கள் தலையில் விழும். ஒரு வருஷம் போகட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள், பதிலுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலையையோ ஜெனரேட்டர் பார்க்கும் வேலையையோ கேட்டு வாங்குங்கள்.

மறுக்க முடியாத நிலை என்றால், பொறுப்பேற்கும் நாளில் இருப்புப் பணத்தை எல்லார் முன்பும் எண்ணி, நோட்டில் எழுதி, பழைய பொருளாளரிடமும் இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காணிக்கையை ஒவ்வொரு முறையும் இருவர் எண்ண வேண்டும். அந்த இருவரும் வெவ்வேறு குடும்பமாக இருக்க வேண்டும். தீவில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு என்பதால், யார் யாருக்குச் சம்பந்தி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கணக்கில் சண்டை வந்தால் அதைக் கடைக்கோ படகுக்கோ கொண்டுபோகாதீர்கள். குழுவில் உங்களோடு மோதியவரே நாளை உங்கள் வீட்டு மருந்தைப் படகில் ஏற்றிவருபவராக இருப்பார்.