சபாத் நாளில் விளையாட்டுச் சாமான்களைப் பிரித்து அடுக்கலாமா?

கேள்வி: இஸ்ரேலில் பினே பிராக் நகரில் ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத்தை (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) கண்டிப்பாக அனுசரிக்கும் குடும்பம். சனிக்கிழமை மதியம் பேரப்பிள்ளைகள் வந்து நான்கைந்து விளையாட்டுப் பெட்டிகளைக் கொட்டி விளையாடுவார்கள். போன வாரம் அவர்கள் கிளம்பியதும் நான் கீழே உட்கார்ந்து காய்களையும் சீட்டுகளையும் பிரித்து அந்தந்தப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். பாட்டி பதறிப்போய் "வேண்டாம், விடு" என்றார். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் அவரே அந்தக் குவியலுக்குள் கைவிட்டு, பேத்திக்குச் சிவப்புக் காயைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விளையாடும்போது பொறுக்கலாம், முடிந்தபின் கூடாதா? நான் யூதப் பெண்ணும் இல்லையே, நான் செய்தால் என்ன?

பதில்: சகோதரி, பாட்டி செய்த இரண்டுமே சரி. சிவப்புக் காயை எடுத்துக் கொடுத்ததும் சட்டப்படி சரி, உங்களைத் தடுத்ததும் சட்டப்படி சரி. எப்படி என்று சொல்கிறேன்.

சபாத் அன்று 'வேலை' கூடாது என்றால் உடம்பு நோகும் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யூதச் சட்டத்தில் அதற்குப் பொருள் வேறு. வீட்டுக்குள் கனமான மேசையைச் சாப்பாட்டுக்காக நகர்த்தலாம், ஆனால் இரண்டு எழுத்து எழுதக் கூடாது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில், சபாத் பகுதியின் 7ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட 39 வேலைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் 11 வேலைகளும் விதைப்பதில் தொடங்கி ரொட்டி சுடுவதில் முடிகின்றன. நடுவில் மூன்று வேலைகள் வருகின்றன: காற்றில் தூற்றுவது, பொறுக்கிப் பிரிப்பது, சலிப்பது. மூன்றும் வேண்டாததை நீக்கும் ஒரே வேலைதானே, எதற்கு மூன்றாக எண்ண வேண்டும் என்று மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூத்தே கேட்கிறது. முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். புடைப்பது வேறு, பொறுக்குவது வேறு, சலிப்பது வேறு.

அந்த நடு வேலைக்கு எபிரேயத்தில் 'போரேர்' என்று பெயர். நீங்கள் விளையாட்டுச் சாமான்களுக்கு முன்னால் உட்கார்ந்து செய்ததும் அதுதான்.

காய் என்ன தானியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 17ஆம் நூற்றாண்டில் ரபி (யூத மதகுரு) டேவிட் ஹலெவி, இது சாப்பாட்டுக்கு மட்டுமில்லை, பாத்திரம் பண்டங்களுக்கும் பொருந்தும் என்று எழுதினார். பிற்காலத்தில் ரபி இஸ்ரேல் மெயிர் ககான் எழுதிய 'மிஷ்னா பெரூரா' என்ற சட்ட விளக்க நூலும் அதை ஏற்று, துணியையும் சேர்த்துச் சொல்கிறது. சபாத் அனுசரிக்கும் வீடுகளில் இன்று பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறார்கள். ஸ்பூன், காலுறை, புத்தகம், சீட்டு எதுவானாலும் கலந்து கிடந்தால் அதே சட்டம்தான்.

அப்படியென்றால் சபாத் அன்று எதையுமே பொறுக்க முடியாதா? முடியும். 16ஆம் நூற்றாண்டில் ரபி யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூக்' என்ற சட்ட நூலின் 319ஆவது பிரிவு இதைப் பற்றியது. வேண்டாததை நீக்காமல் வேண்டியதை எடுக்க வேண்டும். சல்லடை மாதிரி கருவி இல்லாமல் கையால் எடுக்க வேண்டும். எடுத்ததை அப்போதே பயன்படுத்த வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், அது தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது போல இயல்பாகப் பயன்படுத்துவது, பிரித்தெடுக்கும் தொழில் இல்லை. இரண்டுமே நல்ல பொருளாக இருந்தால் இப்போது தேவைப்படுவது 'வேண்டியது', மற்றது 'வேண்டாதது'.

பாட்டி சிவப்புக் காயை எடுத்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேத்திக்கு அந்த நிமிடமே வேண்டும், கையால் எடுத்தார், வேண்டியதையே எடுத்தார். ஒரு தடங்கலும் இல்லை. நீங்கள் செய்தபோது அந்தக் காயை யாரும் உடனே விளையாடப் போவதில்லை. அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிரித்தீர்கள். மூன்றாவது நிபந்தனை அங்கே விழுந்துவிட்டது. எதை எடுக்கிறோம், எப்போது பயன்படுத்துகிறோம் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஒழுங்குபடுத்துவதை அது குற்றமாகப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஒழுங்கு செய்ய வழிகளும் இருக்கின்றன. எல்லாச் சாமானையும் கலந்தபடியே அள்ளி ஒரே கூடையில் போடலாம், அது பிரிப்பதாகாது. சதுரங்கத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒரே பெட்டிக்குப் போவதால் அதை அப்படியே மூடிவிடலாம். பெரிய பெரிய பொம்மைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியே கிடந்தால் அது 'கலவை' என்றே ஆகாது, எடுத்து அதனதன் இடத்தில் வைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. தேடாமல், கைக்கு எது வருகிறதோ அதை எடுத்து அதன் இடத்தில் போடுவது. கழுவிய ஸ்பூன்களை ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது பலர் இப்படித்தான் செய்கிறார்கள். காய்களுக்கும் இதை ஏற்கும் ரபிகள் உண்டு, தவிர்க்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த வீட்டில் எது வழக்கம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பிரிக்கவே வேண்டாம், சும்மா எடுத்து வைக்கலாமா? அதிலும் ஒன்று பார்க்க வேண்டும். சபாத் அன்று அடுத்த நாளுக்காக எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது. மதியம் மூன்று மணிக்கு விருந்தாளி வருகிறார், கூடம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அல்லது பாட்டி தடுக்கி விழாமல் இருக்க வேண்டும் என்றால் அது சபாத்துக்கான வேலை, தாராளமாகச் செய்யலாம். நாளைக்குச் சிரமம் குறையட்டும் என்று மட்டும் செய்தால் கூடாது. செயல் ஒன்றுதான், எதற்காகச் செய்கிறோம் என்பதில்தான் சட்டம் மாறுகிறது. இந்தச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓய்வு நாளை அடுத்த நாளின் எடுபிடியாக்கிவிடக் கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சபாத் கட்டளை உங்களுக்கு இல்லை, உங்களுக்காக நீங்கள் எதையும் செய்துகொள்ளலாம். உங்கள் அறையில் உங்கள் துணியைப் பிரித்து மடித்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சபாத்தில் தான் செய்யக் கூடாததை வேறு மதத்தவரிடம் சொல்லிச் செய்விப்பதும் யூதருக்கு விலக்கப்பட்டிருக்கிறது. அவர் கேட்காமல் நீங்களாகவே அவருக்காகச் செய்தாலும், அந்தப் பலனை அன்றைக்கு அனுபவிக்கலாமா என்ற சிக்கல் வரும். பாட்டி பதறியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் ஓய்வுக்காக உங்களை வேலை வாங்கிவிடக் கூடாது என்ற கூச்சமும் அதில் இருந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நோயாளியின் தேவை என்று வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். படுத்திருக்கும் நோயாளிக்குத் தேவையானதை யூதரல்லாதவரிடம் கேட்டுச் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யூதரே சபாத்தை மீறியாக வேண்டும். அதனால் மருந்து விஷயத்தில் எதற்கும் தயங்கி நிற்காதீர்கள். கலந்து கிடக்கும் மாத்திரைகளிலிருந்து அந்த வேளைக்கு உரியதை எடுத்துக் கொடுங்கள். வாரம் முழுவதற்குமான மாத்திரை டப்பாவை நிரப்புவதை மட்டும் வெள்ளி மதியமே முடித்துவிட்டால் நல்லது.

விளையாட்டுச் சாமான்களிலும் வெள்ளிக்கிழமை வேலைதான் கைகொடுக்கும். ஒவ்வொரு பெட்டியின் காய்களையும் தனித்தனிப் பையில் கட்டி வையுங்கள். ஒரு விளையாட்டு முடிந்து பெட்டிக்குள் போனபிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கலக்கவில்லை என்றால் போரேர் என்ற பேச்சே இல்லை. பேட்டரியில் ஓடும் விளையாட்டுகளையும், மதிப்பெண் எழுதும் பென்சிலையும் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள், அன்று அவர்கள் அவற்றைத் தொட மாட்டார்கள். மதிப்பெண் குறிக்க ஒரு பழைய புத்தகம் போதும். எண்ணுக்குரிய பக்கத்தில் ஒரு அட்டையைச் செருகி வைப்பார்கள், குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. படத்துண்டுகளைப் பொருத்தும் புதிர் விஷயத்தில் ரபிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பெட்டியை வெளியே வைக்குமுன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாம் கலந்துதான் போகும், பிள்ளைகள் அல்லவா. அள்ளிக் கூடையில் போட்டு மூலையில் வைத்துவிடுங்கள். இருட்டி மூன்று நட்சத்திரம் தெரிந்து, மது, வாசனைப் பொருள், விளக்கு வைத்து, சபாத்தை முடித்துவைக்கும் ஹவ்தலா பிரார்த்தனை முடிந்ததும், நீங்களும் பாட்டியும் சேர்ந்தே உட்கார்ந்து பிரிக்கலாம்.