கிராஃபோர்ட் மார்க்கெட் மாம்பழமும் புலேஷ்வர் மாவாவும் சேர்ந்த கேக்

மும்பையில் எந்தச் சந்தைக்குப் போனால் கேக் செய்ய யோசனை கிடைக்கும், வாங்கியதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் போங்கள், அங்கிருந்து நடந்தே புலேஷ்வர், வீட்டுக்கு வந்து மாம்பழம் வைத்த மாவா (சர்க்கரை சேர்க்காத கோவா) கேக். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது சரிப்படும். மற்ற மாதங்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

செம்பூர், சயான் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டுங்கா மார்க்கெட்டைத் தாண்டுவதில்லை. வாழை இலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ, காபிப்பொடி எல்லாம் அங்கேயே இருக்கும்போது ஏன் ரயிலேறிப் போக வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஊரில் பார்த்ததையே திரும்பப் பார்க்கிற இடத்தில் புதிதாகச் செய்ய எதுவும் தோன்றாது. வெறும் கையோடு, ரெசிபி எதுவும் தீர்மானிக்காமல், வேறு பக்கம் போய்ப் பாருங்கள். கடையில் எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கிவிட்டு அப்புறம் யோசிக்கலாம். பட்டியலோடு போனால் பட்டியலில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும்.

சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனில் இறங்கினால் கிராஃபோர்ட் மார்க்கெட் பத்து நிமிட நடை. மகாத்மா ஜோதிபா புலே மண்டி என்று பெயர் மாற்றிப் பல வருடம் ஆகியும் டாக்ஸிக்காரரிடம் கிராஃபோர்ட் என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்தர் கிராஃபோர்ட் பம்பாயின் முதல் முனிசிபல் கமிஷனர். கட்டடம் 1869இல் முடிந்தது, வடிவமைத்தவர் வில்லியம் எமர்சன். உள்ளே ஓடுவதற்கு முன்னால் வாசலுக்கு மேலே ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள், உழவர்களைச் செதுக்கிய கல் சிற்பங்கள் இருக்கும். ருட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா லாக்வுட் கிப்ளிங், பக்கத்திலேயே இருக்கிற ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது செய்தவை. கூட்டம் முதுகில் இடித்துத் தள்ளும், பரவாயில்லை.

மொத்த விலை மார்க்கெட் என்று நினைத்துப் போகாதீர்கள். பழ மொத்த வியாபாரம் 1996இலேயே நவி மும்பையில் இருக்கிற வாஷிக்குப் போய்விட்டது. இங்கே விலை கூடத்தான், பேரம் பேசியே ஆக வேண்டும். ஆனால் பழத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மாம்பழக் கடையில் ஹாபூஸ், அதாவது அல்போன்ஸா, மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே இருக்கும். மேல் வரிசை எப்போதும் அழகாக இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழ் வரிசையை எடுத்துக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் காட்டுவார், முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடக்க வேண்டியதுதான். பழத்தை அமுக்காதீர்கள், திட்டு விழும். காம்புப் பக்கத்தை மூக்குக்குக் கொண்டு போங்கள். தானாகப் பழுத்த பழம் காம்பிலேயே மணக்கும். பெட்டி முழுக்க ஒரே மாதிரி மஞ்சளாக மின்னி, மணமே இல்லை என்றால் மருந்து வைத்துப் பழுக்க வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ரத்னகிரி, தேவ்கட் என்று கொங்கண் கடற்கரை ஊர்களின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கொங்கண் ஹாபூஸுக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் கர்நாடகாவிலிருந்து வரும் பழத்துக்கும் அதே பெயரைச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற தாளை மட்டும் நம்ப முடியாது.

இனிமேல் சொல்லப் போவதைக் கேட்டு ஹாபூஸ் ரசிகர்கள் கோபப்படலாம். கேக்குக்கு ஹாபூஸ் வேண்டாம். சீசன் தொடக்கத்தில் டஜன் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற பழத்தை அடுப்பில் வைத்து வற்ற வைப்பது பாவம். அதை வெட்டி அப்படியே சாப்பிடுங்கள். பக்கத்துக் கூடையில் பாயரி என்று ஒரு ரகம் இருக்கும், விலை குறைவு, சாறு அதிகம், கொஞ்சம் நார், இனிப்போடு ஒரு புளிப்பு. மராத்தி வீடுகளில் ஆம்ரஸுக்கு, அதாவது மாம்பழக் கூழுக்கு, இதைத் தேடி வாங்குவார்கள். மாவாவோடு சேர வேண்டியதும் அந்தப் புளிப்புதான், இல்லாவிட்டால் வாய் முழுக்கத் தித்திப்பு மட்டுமே நிற்கும்.

பழத்தை வாங்கிக்கொண்டு ஷேக் மேமன் தெரு வழியாக நடந்தால் ஜாமா மசூதி, ஜவேரி பஜார், மும்பாதேவி கோவில் என்று தாண்டி புலேஷ்வர் வரும். வெயிலில் நடப்பது கஷ்டம்தான், காலையிலேயே கிளம்புங்கள். அந்தப் பக்கம் மாவா விற்கிற கடைகள் உண்டு. கட்டியாக இருப்பது பட்டி, மணல் மணலாக இருப்பது தானேதார், வழுவழுவென்று இருப்பது சிக்னா. கலாகந்து என்கிற பால் இனிப்புக்கு தானேதார், கேக்குக்கு சிக்னா கேளுங்கள். துளி எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் நெய்ப்பசை ஒட்ட வேண்டும், புளித்த வாடை வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் கொஞ்சத்தை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பாருங்கள், நீலமானால் மாவுச்சத்து கலந்திருக்கிறார்கள்.

மாவா கேக் நான் கண்டுபிடித்தது இல்லை. இது மும்பையின் இரானி, பார்சி பேக்கரிகளின் சொத்து. கிராண்ட் ரோட்டில் 1914இல் தொடங்கிய மெர்வான்ஸ் கடை இதற்குப் பேர் போனது. மாம்பழம் மட்டும்தான் என் சேர்க்கை.

மூன்று பாயரிப் பழத்தின் சதையை வடிகட்டி நாரை எடுத்துவிட்டு, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், புளிப்புக்கு நிறம் கறுத்துவிடும். பாதிக்கும் கீழே வற்றி, தட்டில் ஒரு சொட்டு வைத்துச் சாய்த்தால் ஓடாமல் நின்றால் போதும். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. பச்சையாகவே மாவில் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். பழத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாம் மாவுக்குள் இறங்கிவிடும், கேக் மேலே வெந்த மாதிரி தெரிந்து நடுவில் களியாக உட்கார்ந்திருக்கும், வாசனையும் மாவாவுக்குள் காணாமல் போய்விடும். வற்ற வைத்துத் தனியாக உள்ளே வைத்தால்தான் மாம்பழம் மாம்பழமாகத் தெரியும்.

பன்னிரண்டு சிறு கப்புக்கு வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 150 கிராம், துருவிய மாவா 150 கிராம். மூன்றையும் நன்றாக அடியுங்கள், மாவா கட்டி எதுவும் நிற்கக் கூடாது. முட்டை இரண்டு, ஒவ்வொன்றாக. அப்புறம் மைதா 150 கிராம், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், எட்டு ஏலக்காயைத் தட்டிய பொடி, சிட்டிகை உப்பு, பால் நாலு மேசைக்கரண்டி. மைதா விழுந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலந்தால் போதும். கப்பில் பாதி மாவு, மேலே ஒரு சின்னக் கரண்டி மாம்பழம், மறுபடி மாவால் மூடுங்கள். ஏற்கெனவே சூடான அவனில் 170 டிகிரியில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். மாவாவில் பால் சர்க்கரை இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கும், பாதியில் ஃபாயில் தாளால் மூடுவது நல்லது. குச்சி குத்திப் பார்க்கும்போது நடுவில் குத்தாதீர்கள், அங்கே மாம்பழம் ஈரமாகத்தான் இருக்கும், ஓரத்தில் குத்துங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி முட்டை போட்டதைத் தொட மாட்டார். அவருக்காக முட்டைக்குப் பதில் அரை கப் தயிரும் அரை டீஸ்பூன் சோடா உப்பும் போட்டு, பாலை விட்டுவிட்டுச் செய்வேன். அவ்வளவு உப்பாது, கொஞ்சம் இறுக்கமாக வரும், ஆனால் ருசிக்குக் குறை இல்லை. முதல் தடவை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏன்டிம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் போய் அடுப்புல வெச்சு கேக்னு சொல்றியே!" என்றார். ஆனால் இன்னொன்றை அப்போதே கையில் எடுத்திருந்தார்.

மும்பை மே மாத வெக்கையில் வெளியே ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெயும் மாவாவும் கல்லாக இறுகிவிடும், சாப்பிடும் முன் சில நொடி மைக்ரோவேவில் காட்டினால் சரியாகிவிடும்.

மழை தொடங்கியதும் பாயரி முடிந்துவிடும். பின்னால் வரும் சீத்தாப்பழத்தை இதே மாதிரி வைக்கலாமா என்றால், கூடாது, அதன் சதை சூடு பட்டால் கசக்கும். குளிர்காலத்து மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரியை வற்ற வைத்தால் நன்றாகவே வருகிறது, தண்ணீர் அதிகம் என்பதால் நேரம் கூடப் பிடிக்கும், புளிப்பைப் பார்த்துக் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டியிருக்கும். அதுவும் இல்லாத மாதங்களில் மென்மையான இரானி பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு மசித்து வைக்கிறேன். அடுப்பில் ஏற்றும் வேலையே இல்லை.