மாரியில் நிற்கும் கார்

கேள்வி: ஐப்பசியிலிருந்து தை வரை வெளிநாட்டில் இருப்போம். காரைத் தகரக் கொட்டகையில் விட்டுப் போகலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: விடலாம். பெற்றோல் ராங்கை நிரப்புங்கள். வெறுமையாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே நீராகும். பற்றரியை 12.6 வோல்ற் வரை சார்ஜ் செய்து, மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பிளஸில் தொடங்கினால் ஸ்பானர் காரின் பொடியில் (இரும்பு உடலில்) பட்டுத் தீப்பொறி பறக்கும்.

கைப்பிறேக் வேண்டவே வேண்டாம். மாரி ஈரத்தில் பிறேக் சூ டிரம்மோடு துருவேறி ஒட்டிவிடும், பிறகு சில்லு அசையாது. கியரில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது.

நெல் மூட்டைகளைக் கொட்டகையிலிருந்து அகற்றுங்கள். நெல்லுக்கு வரும் எலிதான் வயரையும் கடிக்கும். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தால், பிறகு எடுக்க மறக்காதபடி, அதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள்.