ஐ.நா. அமைதிப்படை பொதுமக்களை உண்மையிலேயே காப்பாற்றுகிறதா?

காப்பாற்றுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஐ.நா.வுக்கென்று சொந்த ராணுவம் கிடையாது. பாதுகாப்பு அவை அனுமதி கொடுத்த பிறகு பல நாடுகள் அனுப்பும் வீரர்கள் சேர்ந்ததுதான் அமைதிப்படை.

இவர்கள் அதிகமாக இருக்கும் இடங்களில் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைகிறது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. தெருமுனையில் காவலாளி நின்றால் திருடன் தயங்குவான் இல்லையா, அதே கதைதான். ஆனால் ஒரே காவலாளி நூறு தெருவைப் பார்க்க வேண்டியிருந்தால், அதோடு ஆபத்து வந்தால் ஒதுங்கிக்கொள் என்று அவரை அனுப்பியவர்களே சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே படையை சுமார் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்தது. அடுத்த வருடம் பொஸ்னியாவில், ஐ.நா.வே பாதுகாப்பான பகுதி என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்து, சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். மன்னிக்கவே முடியாத தோல்விகள் இவை.

அதே சமயம், 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் சண்டை வெடித்தபோது ஐ.நா. முகாம்களின் கதவைத் திறந்துவிட்டார்கள். பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்தது அதனால்தான், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம், அமைதிப்படை தற்காப்புக்கு மட்டும்தான் சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, 1999-ல் சியரா லியோனில் தொடங்கி, பொதுமக்களைக் காக்கவும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற அதிகாரம் பல படைகளுக்குத் தரப்பட்டிருக்கிறது.