பீரங்கி புரோக்கர்

கேள்வி: மங்கோலியா, எகிப்து, பெரு என்று உலக வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஆச்சரியமான மனிதர்களைப் பற்றி ஒரு தொடர் ஆரம்பிக்கக் கூடாதா? ஒன்றும் நடக்காத ஊரில் இருக்கும் எங்களுக்குப் பொழுது போகுமே! (ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: தொடர் கிடக்கட்டும். ஒன்றும் நடக்காத ஊர் என்று எழுதிவிட்டுக் கீழேயே கடலூர் மஞ்சக்குப்பம் என்று முகவரி போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சைக்கிளை எடுத்து மிதித்தால் தேவனாம்பட்டினம். அங்கே இருந்த கோட்டையை 1690-ல் மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டுமில்லை, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகுமோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. கம்பெனி என்ன செய்தது? கையில் இருந்ததிலேயே அதிக தூரம் சுடும் பித்தளைப் பீரங்கியைச் சென்னையிலிருந்து வரவழைத்துச் சுற்றிலும் சுட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு, கடலூர் டவுன் உட்பட. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பேர்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம் என்று நோட்டீஸ் அடித்து முந்திரித் தோப்புக்கு நடுவில் மனை விற்கிறார்களே, அவர்களுடைய குலதெய்வம் அந்தப் பீரங்கிக்காரன்தான். சர்வேயரும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். மருந்தைக் கொஞ்சம் தாராளமாகக் கெட்டித்தால் கிராமம் ஒன்று கூடக் கிடைக்கும், காற்று ஒத்துழைத்தால் ஏரியோடு சேர்த்து. வில்லங்கச் சான்றிதழில் நான்கு எல்லையும் எப்படி எழுதுவது? வடக்கே குண்டு, தெற்கே குண்டு, மேற்கே குண்டு, கிழக்கே கடல். எந்தப் பீரங்கி, யாருடைய பீரங்கி என்று விற்றவன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டாமா? ஐயா, பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் கத்துவது சும்மா இல்லை.

அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். யேல் பூட்டுக் கம்பெனிக்காரர் இல்லை, அது வேறு யேல். இவர் ஊர் திரும்பிய பிறகு, அமெரிக்காவில் காசில்லாமல் திண்டாடிய ஒரு கல்லூரிக்கு 1718-ல் 417 புத்தகங்களும் ராஜா படம் ஒன்றும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கு விற்றதில் 562 பவுண்டு சொச்சம். அதற்குத்தான் இன்றுவரை யேல் பல்கலைக்கழகம் என்று பேர் நிற்கிறது. நம் பிள்ளைகள் அங்கே குண்டு கிராமக் கோட்டாவில் சீட் கேட்கலாம், தப்பே இல்லை.

பாண்டி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒன்று. 1748-ல் பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலப் படையில் ஜேம்ஸ் கிரே என்று ஒரு சிப்பாய். நிஜப் பெயர் ஹன்னா ஸ்னெல், பெண். குண்டடி பட்டுக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே பாய்ந்த குண்டை டாக்டரிடம் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று தானே தோண்டி எடுத்ததாகவும், மருந்தும் பஞ்சும் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு உள்ளூர்ப் பெண் என்றும் லண்டன் திரும்பியபின் சொன்னார். கதையில் மசாலா இருக்கலாம், ஆனால் சிப்பாயாக இருந்ததும் ராணுவப் பென்ஷன் வாங்கியதும் நிஜம். எனக்கு அந்த உள்ளூர்ப் பெண்ணைப் பற்றித்தான் தொடர் எழுத ஆசை. பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை, பாவிகள்.

அப்புறம் 1783. அமெரிக்க சுதந்திரப் போரை ஒட்டி பிரிட்டனும் பிரான்சும் அடித்துக்கொண்டிருந்த நேரம். ஜனவரி 20 அன்றே வெர்சாயில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. சேதி கப்பலில் ஆடி அசைந்து வருவதற்குள் ஜூன் 13 அன்று கடலூருக்கு வெளியே ஆயிரத்துக்கு மேல் ஆள் விழுந்து, ஜூன் 20 அன்று நம் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் முப்பதுக்கு மேல் போர்க்கப்பல்களை வைத்துக்கொண்டு மோதி முடித்தார்கள். சண்டையே முடிந்துவிட்டது என்று மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டை என்று கடலூரைச் சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றும் நடக்காத ஊராம்!

இதை எழுதியதும், முன்பே ஒருமுறை எழுதிய ஒரு பழைய வாசகர் மறுபடி கடிதம் போடுவார். பின்னாளில் ஸ்வீடன் ராஜாவான பெர்னடோட் அந்த 1783 சண்டையில் பிடிபட்டுக் கடலூரில் கைதியாக இருந்தார் என்று. இல்லை ஐயா. அந்த வருடம் அவர் உடம்பு சரியில்லாமல் பிரான்சில் தன் ஊரான போ நகரத்தில் லீவில் இருந்தார். இன்னொரு தடவை எழுதினால் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமலேயே ஸ்டாக்ஹோமுக்குத் திருப்பி அனுப்புவேன், தபால் செலவு உங்களுடையது.