திரிகையைப் பறிச்ச மடாதிபதி – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள் முக்கால்வாசியும் மத்தியகால ஐரோப்பாவைப் பற்றித்தான். ஏ/எல் சோதினை கிட்டுது போல.

கேள்வி: ரியூசன் நோட்ஸில நிலமானிய முறை எண்டு ஒரு கூம்பகம் கீறித் தந்தவை. மேல அரசன், பிறகு பிரபுக்கள், நைற்மார் எண்ட குதிரைப் படைவீரர், அடியில குடியானவர். மேனர் முறை எண்டதும் இதுவும் ஒண்டோ? – ஏ/எல் மாணவி, கோண்டாவில்

பதில்: சோதினைக்குக் கூம்பகத்தைக் கீறுங்கோ பிள்ளை, புள்ளி போடுவினம், ஆனா அதை அப்பிடியே நம்பிப்போடாதேங்கோ. ரெண்டு வேற சங்கதியை ஒரு படத்துக்குள்ள போட்டுக் கலக்கி வைச்சிருக்கினம்.

மேல் பாதி ஆயுதக்காரர் தங்களுக்குள்ள செய்த ஒப்பந்தம். மேற்கு ஐரோப்பாவில பெரும்பகுதியை ஆண்ட சார்ள்மேனின்ர பேரரசை 843ல வெர்டன் உடன்படிக்கையில பேரன்மார் மூண்டு பேரும் பங்கு பிரிச்சுப்போட்டினம், வடக்கால வைக்கிங், கிழக்கால மஜ்யார் எண்டு கொள்ளைக்காரர் வாறாங்கள், அரசனிட்டச் சம்பளம் குடுக்கக் காசும் இல்லை கூப்பிட்டவுடன வரப் படையும் இல்லை, அதால ஊரில கோட்டையும் குதிரையும் வைச்சிருந்தவன் சொன்னதுதான் சட்டம். குதிரையும் கவசமும் லேசுப்பட்ட செலவில்லை. காணி தாறன், சண்டைக்கு வா, இவ்வளவுதான் பேச்சு. காணி வாங்கிறவன் முழங்காலில இருந்து, ரெண்டு கையையும் கும்பிட்டபடி பிரபுவின்ர கையளுக்குள்ள வைச்சு, நான் உங்கட ஆள் எண்டு சொல்லோணும். பதிலுக்கு அவர் ஒரு மண்ணாங்கட்டியையோ தடியையோ இவன்ர கையில குடுப்பார், காணி உறுதி முடிஞ்சுது. வருசத்துக்கு 40 நாள் படைச்சேவை எண்டது வழமையாச் சொல்லுற கணக்கு, போகப் போக அதுக்குப் பதிலாக் காசைக் கட்டிப்போட்டு வீட்டில இருந்தவையும் கனபேர்.

இனி கூம்பகம் எங்க உடையுது எண்டு பாருங்கோ. ஒருத்தனே ரெண்டு மூண்டு பிரபுக்களிட்டக் காணி வாங்கியிருப்பான், அவையள் தங்களுக்குள்ள அடிபட்டால் இவன் ஆற்ற பக்கம் போறது? அதைவிட, 1329ல இங்கிலாந்து அரசன் 3ம் எட்வேர்ட் கடல் தாண்டி ஆமியன் தேவாலயத்துக்குப் போய் பிரெஞ்சு அரசனுக்கு இதே சடங்கைச் செய்தவர், ஏனெண்டால் பிரான்சின்ர தென்மேற்கில கஸ்கனியில இருந்த நிலத்துக்கு அவர் பிரெஞ்சு அரசன்ர ஆள். அவரை எந்தப் படியில கீறப்போறியள்? 1337ல பிரெஞ்சு அரசன் அந்த நிலத்தைப் பறிக்கப்போய்த்தான் நூறாண்டுப் போரே துவங்கினது. இந்த வடிவான ஒழுங்கெல்லாம் பின்னால வந்தவை கட்டின சட்டகம் எண்டு எலிசபெத் பிரவுன் எண்ட வரலாற்றாசிரியை 1974லயே எழுதிப்போட்டா.

மேனர் எண்டது கீழ்ப் பாதி, பிரபுவின்ர காணியும் அதில பாடுபடுற குடியானவரும். அதில ஒப்பந்தமும் இல்லை, சடங்கும் இல்லை. அடுத்த பதிலையும் சேர்த்து வாசியுங்கோ.

கேள்வி: குடியானவனுக்கெண்டு வயல் இருந்ததோ? பிரபுவுக்கு எவ்வளவு குடுத்தவை? – விவசாயி, சாவகச்சேரி

பதில்: இருந்தது, ஆனா ஒரே இடத்தில இல்லை ஐயா. ஊருக்குப் பொதுவா ரெண்டு மூண்டு பெரிய வெளி, அதுகளுக்குள்ள நீட்டு நீட்டுத் துண்டா, ஒரு துண்டு அரை ஏக்கர் மட்டில, எங்கட கணக்கில 8 பரப்பு. இவன்ர துண்டு ஒண்டு இஞ்ச, மற்றது அங்க, நடுவில பிரபுவின்ர துண்டும் கிடக்கும். இடையில வேலியே கிடையாது, எங்கட ஆக்களுக்கு நித்திரை வந்திராது! மூண்டு வெளி இருந்த ஊரில ஒண்டில மாரிக் கோதுமை, ஒண்டில வசந்தத்தில விதைக்கிற பார்லி, ஓட்ஸ், பயறு, மற்றதைச் சும்மா விட்டு ஆடுமாடு மேய்ப்பினம்.

கட்டுப்பட்ட குடியானவன் கிழமையில ரெண்டு மூண்டு நாள் சம்பளமில்லாமல் பிரபுவின்ர நிலத்தில நிக்கோணும், அறுவடைக்கு இன்னும் கூட, அதுவும் தன்ர கதிர் முத்தி நிக்கிற நேரத்தில. விளைச்சலில பத்திலொண்டு தேவாலயத்துக்கு. மகளைக் கட்டிக் குடுக்கக் காசு. தகப்பன் செத்தால் வீட்டில நிக்கிற நல்ல மாடு பிரபுவுக்கு. வழக்கெண்டாலும் பிரபுவின்ர கோட்டிலதான், அந்தக் குற்றப்பணமும் அவருக்குத்தான்.

எனக்கு எல்லாத்தையும் விடக் கொதி வாறது மில் விசயத்தில. தானியத்தைப் பிரபுவின்ர மில்லிலதான் அரைக்கோணும், மாவில ஒரு பங்கை அங்க எடுத்துப்போடுவினம். வீட்டில திரிகை வைச்சு அரைச்சால் குற்றம். இங்கிலாந்தில சென் ஆல்பன்ஸ் ஊருக்குப் பிரபு ஒரு துறவி மடம். 1330களில ரிச்சர்ட் எண்ட மடாதிபதி, ஆள் வானியல் மணிக்கூடு செய்த பெரிய மூளைசாலி, ஊர்ச்சனத்தின்ர திரிகைக் கல்லுகளைப் பறிச்சுக்கொண்டு வந்து மடத்து மண்டபத்தில நிலத்துக்குப் பதிச்சு வைச்சார். சனம் மறக்கேல்லை. 1381ல குடியானவர் கிளர்ச்சி வந்த உடன உள்ளுக்கு இறங்கி அந்தக் கல்லுகளைக் கிண்டியெடுத்து, உடைச்சு, தேவாலயத்தில அப்பம் பங்கிடுற மாதிரித் துண்டு துண்டா ஆளுக்காள் குடுத்தவை.

கேள்வி: அப்ப இவையளும் அடிமையள்தானே? – ஓய்வுபெற்ற தபாலதிபர், காரைநகர்

பதில்: முழு அடிமை எண்டு சொல்லேலாது ஐயா. அடிமையைச் சந்தையில தனிய விக்கலாம். இவன் காணியோட சேர்ந்தவன், காணி கை மாறினால் இவனும் கூடவே மாறுவான். ஊரை விட்டுப் போகேலாது, ஆனா நகரத்துக்கு ஓடிப்போய் ஒரு வருசமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால் கன நகரங்களில சுதந்திர ஆள். இங்கிலாந்திலயும் உண்மையான அடிமையள் இருந்தவை, 1086ல வில்லியம் அரசன் எடுப்பிச்ச டூம்ஸ்டே கணக்கில பதிஞ்ச ஆக்களில பத்திலொரு பங்கு மட்டில அவையள்தான். எங்கட பக்கத்தையும் மூடி மறைக்கேலாது, 1707ல ஒல்லாந்தர் எழுதுவிச்ச யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத் தொகுப்பான தேசவழமையில அடிமையளுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு, சட்டப்படி அது இலங்கையில ஒழிஞ்சது 1844ல.

கேள்வி: கொள்ளை நோய்தான் இந்த முறையை முடிச்சதோ? – மானிப்பாய் வாசகி

பதில்: மேற்கில பெரிய அடி அதுதான். 1348, 49ல இங்கிலாந்தில மூண்டிலொரு பங்குக்கும் மேல சனம் செத்துப்போச்சு, வேலைக்கு ஆளில்லை, மிஞ்சினவை கூலியைக் கூட்டிக் கேட்டினம். 1351ல பழைய கூலிக்கு மேல குடுக்கப்படாது எண்டு சட்டம் போட்டுப் பாத்தும் கன காலத்துக்குச் சரிவரேல்லை. பிரான்சில மிச்சமிருந்த உரிமையளை 1789 ஓகஸ்ட் 4ம் திகதி இரவு, புரட்சி நேரத்தில, தேசிய சபையில ஒழிச்சினம். கிழக்கில எல்லாம் தலைகீழ், அங்க பிறகுதான் கட்டு இறுகினது. ரஷ்யாவில விடுதலை 1861ல, அதுவும் சும்மா இல்லை, தாங்கள் உழுத காணிக்குத் தாங்களே வருசா வருசம் தவணைக் காசு கட்டினவை, அது நிண்டது 1907ல.