படகு ட்ரெய்லர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*நான் வாங்கவிருக்கும் 4.8 மீட்டர் அலுமினியப் படகின் எடை 430 கிலோ என்று விளம்பரத்தில் இருக்கிறது. பிரேக் இல்லாத 750 கிலோ ட்ரெய்லர் போதும்தானே? (மெல்பர்ன்)*

போதாது. அந்த 430 கிலோ வெறும் கூட்டின் எடை. 70 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 120 கிலோ. 80 லிட்டர் பெட்ரோல் 60 கிலோ. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள் என்று இன்னொரு 80 கிலோ ஏறும். ட்ரெய்லரின் சொந்த எடை 270 கிலோ என்று வைத்தால் மொத்தம் 960. ஆஸ்திரேலிய விதிப்படி, ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். காரின் கையேட்டையும் புரட்டுங்கள். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒரு வரம்பும் இல்லாததற்கு வேறொரு வரம்பும் கொடுத்திருப்பார்கள். விற்பனையாளர் வாயில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான். வாங்கிய பிறகு, டேங்க் நிரப்பி, சாமான் ஏற்றி, ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

*ட்ரெய்லரில் படகு உட்காருவதற்கு ரோலரா, சறுக்குப் பலகையா?*

அலுமினியப் படகுக்குப் பலகை. எடை பரவலாக விழும், தகடு நெளியாது. கனமான ஃபைபர் படகைச் சரிவு குறைந்த துறையில் ஏற்றி இறக்க ரோலர் வசதி. ரோலரின் ரப்பர் இறுகி வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

*மூன்றே ஆண்டுகளில் இரண்டு முறை பேரிங் போய்விட்டது. மட்டமான பேரிங்கா? (பெர்த்)*

பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் படகை இறக்கும் விதத்தைச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். துறைக்கு வந்ததும் நேராகத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீல் வழியாக உப்புநீரை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு வாசலில் மூன்று வாரம் சும்மா நிற்கும்போதுதான் துரு வேலை செய்கிறது.

வந்ததும் அரை மணி நேரம் பொறுங்கள். கட்டுகளை அவிழ்க்க, சாமான் ஏற்ற, வடிகால் அடைப்பை மாட்ட அந்த நேரம் சரியாக இருக்கும். (அடைப்பை மறப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.) கடல்நீரில் இறங்கும் ட்ரெய்லருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பேரிங்கைக் கழற்றிக் கழுவி, படகுக்கான கிரீஸை உருளைகளுக்கு இடையே அழுத்தி நிரப்ப வேண்டும். பழைய கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். கழற்றும்போதெல்லாம் புது சீல் போடுங்கள். சில டாலர் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல. ஸ்பிரிங் வைத்து கிரீஸைத் தள்ளும் மூடிகள் உதவும். ஆனால் அளவுக்கு மீறி அடித்தால் பின்சீல் பிதுங்கிவிடும்.

பயணத்தில் நிற்கும் இடத்திலெல்லாம் சக்கர நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாமல் ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோ காரணம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

*வேகம் கூடினால் ட்ரெய்லர் பாம்புபோல நெளிகிறது.*

பின்பாரம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் காரின் இழுகுண்டின் (ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் அமர வேண்டும். முன்னால் உள்ள, படகைக் கயிற்றால் இழுத்து ஏற்றும் வின்ச்சின் கம்பத்தைத் தளர்த்திச் சற்று முன்னுக்கு நகர்த்தினால் படகும் முன்னேறும். நெளியும்போது காரின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

*பழைய ட்ரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. வெளியே துருவே இல்லை. (டவுன்ஸ்வில்)*

வெளியே பார்த்துப் பயனில்லை. பெட்டிக் குழாய்ச் சட்டமானால் உள்ளிருந்துதான் அரிக்கும். டார்ச் அடித்துக் குழாய் வாயைப் பாருங்கள், அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; மந்தமான ஓசை வந்தால் விலகிவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. பூ அழியாமல் இருந்தாலும் அந்த வயதுக்கு டயர் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள். குயின்ஸ்லாந்தில், பதிவிலுள்ள 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை விற்பவர் பாதுகாப்புச் சான்றிதழ் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

*வின்ச் கயிறே படகைப் பிடித்துக்கொள்ளுமே, வேறு கட்டு எதற்கு?*

வின்ச் ஏற்றுவதற்கு. ஓடும்போது முன்னால் ஒரு தனிச் சங்கிலி, பின்னால் இருபுறமும் பட்டைகள்.